சாப்பிட்ட பின் கணக்கு: மலையக உணவகங்களில் பில் கட்டுமுன் எழும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் காசு மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். பில்லை நீட்டியதும் அதைப் பார்க்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டு, வெளியே போய் வாசலில் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கும் குடும்பங்களைத் தினமும் கண்டிருக்கிறேன். சந்தேகம் வந்தாலும் திரும்பி உள்ளே வந்து கேட்பவர்கள் மிகக் குறைவு. வேலையை விட்ட பிறகும் உறவினரும் அயலவரும் அதே சந்தேகங்களுடன்தான் வருகிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

பில்லை உட்கார்ந்து பார்த்தால் கடைக்காரர் நம்மைக் கஞ்சன் என்று நினைக்கமாட்டாரா?

நினைக்கமாட்டார். காசு மேசையில் இருப்பவருக்குப் பில்லைப் பார்ப்பவரும் பார்க்காதவரும் ஒன்றுதான். அவருடைய கவனமெல்லாம் அடுத்த மேசையின் கணக்கில் இருக்கும். உண்மையில், மேசையில் இருக்கும்போதே கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாடிக்கையாளரால் கடைக்கு நன்மைதான். பஸ் ஏறிய பிறகு ஊரெல்லாம் "அந்தக் கடையில் ஏமாற்றுகிறார்கள்" என்று சொல்பவரால்தான் கடைக்குக் கெடுதல்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் நகரும் பெண் எந்தத் தோட்டத்திலும் இல்லை. கணக்கப்பிள்ளை கோபிப்பாரோ என்று யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. சம்பளச் சிட்டையில் ஒரு அரைப்பேர், அதாவது அரைநாள் வேலைக் கணக்கு, விடுபட்டாலும் கேட்டு வாங்கும் நம் மக்கள், நகரத்துக் கடையில் கண்ணாடி மேசைக்கு முன்னால் மட்டும் ஏன் கூச வேண்டும்? தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நால்வர் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு நாட்சம்பளம் ஒரே வேளையில் போய்விடும். அந்தக் காசுக்குக் கணக்குக் கேட்பதில் எந்த இழிவும் இல்லை.

எங்கள் ஊர்க் கடையில் பில்லே தருவதில்லை. வாயால்தான் கணக்குச் சொல்கிறார்கள். எதை வைத்துச் சரிபார்ப்பது?

பரிமாறும் தம்பி உங்கள் மேசையைப் பார்த்து, "மூன்று சாப்பாடு, ஒரு மீன், இரண்டு பிளேன்டீ" என்று காசு மேசைக்குக் குரல் கொடுப்பான். அந்தக் குரல்தான் பில். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவன் மொத்தத் தொகையை மட்டும் சொன்னால், "தம்பி, என்னென்ன என்று ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒழுங்கான கடையில் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள்.

எழுதித் தரும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பொருளோ சேவையோ வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தாலும் சரி, கடையின் பெயரும் திகதியும் தொகையும் இருக்கட்டும். பிளேன்டீக்கும் வடைக்கும் யாரும் இப்படிக் கேட்பதில்லை. குடும்பமாகச் சாப்பிட்டால் கேளுங்கள்.

தட்டு நிறைய வடை, ரோல்ஸ், கட்லட் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அத்தனைக்கும் காசு கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டும் கொடுத்தால் போதும். இது நம் நாட்டில் பல காலமாக உள்ள வழக்கம். முதன்முறை நகரத்துக்கு வருபவர்கள் பயந்துபோய், கேட்காமலே வைத்த தட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன்.

தவறு எங்கே நேர்கிறது என்று சொல்கிறேன். தட்டில் இரண்டு உளுந்து வடை, இரண்டு ரோல்ஸ், இரண்டு கட்லட், ஒரு மீன் பணிஸ் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூன்றைச் சாப்பிட்டீர்கள். மிஞ்சிய நான்கைப் பார்த்துத்தான் தம்பி கணக்குப் போடுகிறான். வைக்கும்போது ஏழு இருந்தது என்பது அவன் நினைவில் மட்டுமே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை, பஸ் நிலையத்தில் கூட்டம் இறங்கும் நேரம், அவன் கையில் பத்து மேசை. ஏழு என்பதை எட்டாக எண்ணிவிட்டால் நீங்கள் சாப்பிடாத ஒரு ரோல்ஸ் கணக்கில் ஏறிவிடும். அவனிடம் கள்ளம் எதுவும் இராது.

ஆகவே தட்டு வந்ததும் நீங்களே ஒருமுறை எண்ணிவிடுங்கள். கணக்குச் சொல்லும்வரை தட்டை எடுக்க விடாதீர்கள். இதுதான் முக்கியம். எடுத்த தட்டை உள்ளே கொண்டுபோய் நிரப்பி அடுத்த மேசையில் வைத்துவிடுவார்கள். அதன் பிறகு யார் சொல்வது சரி என்று எவராலும் காட்ட முடியாது. குழந்தை கடித்துவிட்டு வைத்தது சாப்பிட்டதாகத்தான் கணக்கு. அதை மறுத்துப் பேசாதீர்கள்.

இடியப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் இதே முறைதானா?

தட்டில் அடுக்கி வைத்தால் இதே முறைதான். சம்பலும் பருப்பும் வழக்கமாக அதனுடன் சேர்ந்தவை. முட்டை ஆப்பம், மீன் கறி, கோழிக் கறி ஆகியவை தனி.

சோறும் மரக்கறியும் மறுபடி போட்டார்கள். பில்லில் கூடுதலாக வருமா?

சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் மதியச் சோற்றுக்கு மறுசோறும் மரக்கறியும் விலைக்குள் அடங்கும். மீன், கோழி, முட்டை ஆகியவை துண்டுக் கணக்கு. "இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்று அன்பாகக் கேட்பதை உபசாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது விற்பனை. எடுத்துச் சாப்பிடும் பஃபே என்றால் விலை ஆளுக்கு. குழந்தைகளுக்கு அரை விலையா, முழு விலையா என்பதை உட்காருமுன் கேட்டுவிட வேண்டும். எழும்பும்போது கேட்டால் கடைக்காரர் சொல்வதுதான் முடிவு.

அச்சடித்த பில் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

மேசை எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன. வாசலோரம் குளிர்காற்று அடிக்கிறது என்று நீங்கள் இடம் மாறி உட்கார்ந்திருப்பீர்கள். ஓடர் பழைய மேசை எண்ணில் பதிவாகியிருக்கும். அந்த மேசைக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்ததும் இரண்டு கணக்கும் கலந்துவிடும்.

அடுத்து, எண்ணிக்கை. இரண்டு பேர் ஒரே பானத்தைக் கேட்டால் சில சமயம் இரண்டு வரியாகவும் சில சமயம் ஒரே வரியில் இரண்டு என்றும் பதிவார்கள். இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால் நான்காகிவிடும். பிறகு, கேட்டும் வராத உணவு. "முடிந்துவிட்டது" என்று சொன்ன கொத்து ரொட்டியைக் கணினியிலிருந்து நீக்க மறந்துவிடுவார்கள். கடைசியில்தான் விலை. விலைப்பட்டியலைப் படம் எடுத்து வைத்திருந்தால் இது ஒரு நிமிட வேலை.

பில் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன செய்வது?

இலக்கங்கள் எந்த மொழியிலும் ஒன்றே. எத்தனை வகை உணவு கேட்டீர்களோ அத்தனை வரிகள் இருக்க வேண்டும். ஐந்து வகை கேட்டு ஏழு வரி இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். அடியில் வரும் சேவைக் கட்டணமும் அரசாங்க வரியும் தனி, அவற்றைக் கீழே விளக்குகிறேன்.

கூட வந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை பெற்றோருக்காகப் பில் வாசிப்பது நல்ல பழக்கம். பிள்ளை இல்லையென்றால், "தம்பி, இதை வரி வரியாக வாசியுங்கள்" என்று பரிமாறியவரிடமே சொல்லுங்கள். எழுத்துத் தெரியாததை மறைக்கப் போய்த்தான் பலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். மறைக்க வேண்டிய விஷயமே அல்ல அது.

அடியில் 10 வீதம் சேவைக் கட்டணம் என்று இருக்கிறது. இது அரசாங்கம் எடுப்பதா?

இல்லை. அது அரசாங்க வரியல்ல. உணவகம் தன் விலையோடு சேர்த்து எடுப்பது, வேலை செய்பவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்கென்று. அப்படி எடுப்பதாக இருந்தால் விலைப்பட்டியலிலேயே தெரிவித்திருக்க வேண்டும். பெரும்பாலும் பட்டியலின் கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே ஒன்றும் இல்லாமல் பில்லில் மட்டும் முளைத்திருந்தால், "பட்டியலில் இதைக் காணவில்லையே" என்று கேட்பது நியாயம்.

சேவைக் கட்டணம் கட்டிய பிறகு மேசையில் தனியாகக் காசு வைக்க வேண்டிய கடமை இல்லை. நன்றாகக் கவனித்த தம்பிக்கு மனமிருந்தால் கையில் கொடுங்கள். சேவைக் கட்டணம் எடுக்காத சிறிய கடையில் வைக்கும் நூறு ரூபா அவனுக்குப் பெரிய உதவி. அங்கே கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வற் வரி என்று போடுகிறார்கள். எல்லாக் கடையும் எடுக்கலாமா?

எடுக்க முடியாது. வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். இறைவரித் திணைக்களத்தில் அதற்கெனப் பதிவு செய்த வியாபாரி மட்டுமே அதை அறவிட முடியும். பதிவு செய்திருந்தால் பில்லில் வற் இலக்கம் இருக்கும்: ஒன்பது இலக்க வரி அடையாள எண், அதைத் தொடர்ந்து 7000. அந்த எண் இல்லாமல் "வரி" என்று மட்டும் எழுதியிருந்தால், "உங்கள் வற் இலக்கம் என்ன?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பிறகு வரி காணாமற்போன பில்களை நான் அறிவேன்.

எந்தக் கடை பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு விற்பனை வரம்பு உண்டு. 2024 ஜனவரியில் அதை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாவாக வைத்தார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 164,000 ரூபா விற்பனை. பஸ் நிலையத்துத் தேநீர்க் கடை அதை எட்டாது. வரம்பு மாறக்கூடியது, ஆனால் உங்களுக்கு வேண்டியது பில்லில் உள்ள வற் இலக்கம் மட்டும்தான். பெரிய ஹோட்டல் பில்களில் 2.5 வீதம் சமூகப் பாதுகாப்பு அறவீடு என்றும் ஒரு வரி வரலாம். அது 2022 ஒக்டோபரில் வந்தது.

பட்டியலில் 1,000 ரூபா. பில்லில் 1,298 ரூபா. இது எப்படி?

முதலில் 10 வீதம் சேவைக் கட்டணம், 100 ரூபா. ஆக 1,100. அந்த 1,100க்கு 18 வீதம் வற், 198 ரூபா. மொத்தம் 1,298. வற் வரியை உணவு விலைக்கு மட்டும் போட்டால் 180 ரூபாதான், மொத்தம் 1,280 ஆகும். உங்கள் கணக்குக்கும் பில்லுக்கும் சிறு வித்தியாசம் வந்தால் இதுதான் காரணமாக இருக்கும். எந்தத் தொகையின் மேல் வரி போட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வரி தனி என்று எழுதிய இடத்தில் ஆயிரத்துக்கு முந்நூறு ரூபா கூட்டிக்கொண்டே உணவைத் தெரிவு செய்யுங்கள். சுற்றுலா ஊர்களான நுவரெலியாவிலும் எல்லயிலும் இந்தக் கணக்கு இல்லாமல் உட்காரவே கூடாது.

தண்ணீர்ப் போத்தலில் 100 ரூபா என்று இருக்கிறது. பில்லில் 150. "குளிரூட்டியது" என்கிறார்கள்.

சட்டப்படி அந்தக் காரணம் செல்லாது. போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரலில் உச்ச விலை நிர்ணயித்தார்கள்: 500 மில்லிலீட்டர் 70 ரூபா, ஒரு லீட்டர் 100 ரூபா, ஒன்றரை லீட்டர் 130 ரூபா. கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்பது குற்றம். குளிர்பதனப் பெட்டியில் வைத்ததற்குத் தனிக் காசு கிடையாது. போத்தலில் அச்சிட்ட விலையைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் அப்போதே குறைத்துவிடுவார்கள். மூடியைத் திறப்பதற்கு முன் விலையைப் பார்ப்பது இன்னும் நல்லது.

கேட்காமலே போத்தலை மேசையில் வைத்திருந்தால், மேலே சொன்ன சிற்றுண்டித் தட்டின் முறைதான்: திறக்காததற்குக் காசு இல்லை.

வானொலியில் கொத்து ரொட்டியும் பிளேன்டீயும் விலை குறைந்தது என்றார்கள். கடையில் பழைய விலைதான் எடுக்கிறார்கள். சண்டை போடலாமா?

போட முடியாது. அந்த அறிவிப்புகள் உணவக உரிமையாளர் சங்கம் விடுபவை. எரிவாயு விலையோ முட்டை விலையோ இறங்கும்போது சங்கம் ஒரு வேண்டுகோளாகச் சொல்கிறது. வர்த்தமானியில் வந்த உச்ச விலைக்கு இருக்கும் சட்டப் பலம் அதற்கு இல்லை. தண்ணீர்ப் போத்தலுக்கும் கொத்து ரொட்டிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கொத்து ரொட்டியில் நீங்கள் கேட்கக்கூடியது ஒன்றே: பட்டியலில் என்ன விலை எழுதியிருக்கிறது என்று. எழுதிய விலைக்கு மேல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரே கடையில் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு எது?

உங்கள் மேசைக்கு எந்தப் பட்டியலைக் கொடுத்தார்களோ அதன் விலைதான் உங்கள் பில்லில் வர வேண்டும். அதனால்தான் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். விலையே எழுதாத பட்டியலைக் கொடுத்தால் எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள். "சீசன் விலை" என்று வாயால் சொல்வது விலையல்ல.

ஆளைப் பார்த்து விலை சொல்வதை நான் மனமார வெறுக்கிறேன். வெளிநாட்டவர் என்றால் ஒரு விலை, கொழும்புக்காரர் என்றால் ஒரு விலை, தோட்டத்தார் என்றால் முகச்சுளிப்பு. 2024 ஏப்ரலில் கொழும்பில் ஒரு கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபா என்று வெளிநாட்டவர் ஒருவரிடம் சொன்னவர், காணொளி பரவிய பிறகு பொலிசாரால் கைது செய்யப்பட்டார். அத்தகைய விலைக்கு நம்மவர்களும் ஆளாகிறார்கள், ஆனால் அதை யாரும் படம் பிடிப்பதில்லை.

அட்டையில் கட்டினால் 3 வீதம் கூடுதல் என்கிறார்கள். சரியா?

சரியல்ல. அட்டை இயந்திரத்துக்காக வங்கிக்குக் கடை செலுத்தும் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் ஏற்றக் கூடாது என்று மத்திய வங்கி பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. மீறி எடுத்தால் பில்லையும் அட்டைச் சீட்டையும் வைத்துக்கொண்டு, உங்களுக்கு அட்டை தந்த வங்கியில் முறையிடுங்கள். அட்டையைக் கொடுக்குமுன் இயந்திரத்தில் அடித்த தொகையையும் பாருங்கள். பில்லில் 2,450, இயந்திரத்தில் 24,500 என்பது ஒரு விரல் வழுக்கினால் நடக்கக்கூடியது.

பார்சல் கட்டினால் பெட்டிக்கும் பைக்கும் காசு எடுக்கிறார்களே?

கைபிடி உள்ள பொலித்தீன் பையை 2025 நவம்பர் முதல் இலவசமாகக் கொடுக்க முடியாது. அதன் விலையைப் பில்லில் காட்ட வேண்டும். ஆகவே பைக்குக் காசு எடுப்பது சரி, காட்டாமல் எடுப்பதுதான் பிழை. வீட்டிலிருந்து துணிப்பை கொண்டுபோனால் அந்தச் செலவே இல்லை. பெட்டிக் கட்டணம் கடையின் விருப்பம், ஓடர் கொடுக்கும்போதே கேளுங்கள். மேசையில் உட்காராமல் வாங்கிச் செல்லும் பார்சலுக்குச் சேவைக் கட்டணம் போட்டிருந்தால், எந்தச் சேவைக்கு என்று தயங்காமல் கேளுங்கள்.

மிச்சக் காசுக்குப் பதில் டொபி தருகிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லலாம். டொபி பணமல்ல.

சம்பந்தி வீட்டாரை அழைத்துப் போனேன். அவர்கள் முன்னால் பில்லை எண்ணுவது மரியாதையாக இருக்குமா?

அவர்கள் முன்னால் எண்ண வேண்டாம். கை கழுவப் போவதுபோல எழுந்து காசு மேசைக்குப் போங்கள். அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள், அங்கேயே கட்டிவிட்டு வாருங்கள். பில் மேசைக்கு வராமலே காரியம் முடிந்துவிடும். "நான் கட்டுகிறேன், நான் கட்டுகிறேன்" என்ற இழுபறியும் இராது. அந்த இழுபறியில்தான் யாருமே பார்க்காமல் பில் போய்விடுகிறது.

தவறு இருப்பது உறுதி. எப்படிச் சொல்வது?

"ஏமாற்றுகிறீர்களா?" என்று தொடங்கினால் தவறை ஒத்துக்கொள்ளும் வழியை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். பில்லைத் திருப்பி வைத்து, அந்த வரியில் விரலை வைத்து, "தம்பி, இது எங்கள் மேசைக்கு வந்ததா என்று ஒருமுறை பாருங்கள்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் தேவைப்படும். சரிப்படாவிட்டால் காசு மேசைக்குப் போங்கள். தம்பியிடம் குரலை உயர்த்தாதீர்கள், விலை போடுபவன் அவனல்ல.

பில்லில் குறைவாக வந்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். சில கடைகளில் குறைந்த காசைப் பரிமாறிய தம்பியின் நாட்கூலியில் பிடிப்பார்கள். அவனும் நம் தோட்டத்து லயத்துப் பிள்ளைதான், பள்ளியை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்தவன்.

ஐம்பது ரூபாவுக்காக மேலிடத்தில் முறையிடுவதா? கேட்பார்களா?

கேட்பார்கள். நுகர்வோர் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. மாவட்ட அலுவலகங்களும் உண்டு. கடையின் பெயர், ஊர், திகதி, நேரம், பில் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள். பட்டியலின் படமும் இருந்தால் மேலும் நல்லது. பில் இல்லாவிட்டால் உங்கள் சொல்லுக்கும் கடைக்காரரின் சொல்லுக்கும் இடையே அதிகாரிகளால் அதிகம் செய்ய முடியாது.

உங்கள் ஐம்பது ரூபா திரும்பி வருமா என்பது வேறு விஷயம். ஒரே கடையைப் பற்றி இரண்டு மூன்று முறைப்பாடுகள் சேர்ந்தால், அதிகாரிகள் வாடிக்கையாளர்போல வந்து உட்கார்ந்து சோதிக்க வாய்ப்புண்டு. வெளுத்துப் போகும் தாளில் அச்சிட்ட பில் என்றால் அன்றே படம் எடுத்து வையுங்கள். சில மாதங்களில் எழுத்தே இருக்காது.